எடைமேடை நிரலுக்கு நினைவகச் சோதனை: வால்கிரிண்டா, அட்ரஸ் சானிடைசரா?

செம்பனை ஆலையின் எடைமேடை நிரல் சி அல்லது சி++ மொழியில் எழுதப்பட்டிருந்தால், அதன் சோதனைத் தொகுப்பில் நினைவகப் பிழைச் சோதனை (ஒதுக்கிய இடத்துக்கு வெளியே எழுதுவது, எழுதப்படாத மதிப்பைப் படிப்பது போன்றவற்றைத் தேடுவது) இருந்தே ஆக வேண்டும். இதற்கான வால்கிரிண்ட், அட்ரஸ் சானிடைசர் என்ற இரண்டு கருவிகளில் எதை, எந்த அளவுக்கு, எந்த வரிசையில் சேர்ப்பது என்பதுதான் முடிவு செய்ய வேண்டிய விஷயம். பெஸ்தாரி ஜெயா போன்ற தோட்டப் பட்டணத்தில், கடைவீட்டு மாடியில் இரண்டு மூன்று பேராக வேலை செய்யும் ஒரு குழுவை மனத்தில் வைத்து இந்த ஒப்பீட்டை எழுதுகிறோம். கையில் 8 ஜிபி ரேம் உள்ள ஒரு லினக்ஸ் கணினி, சிமேக் பில்ட் கருவி, ஜிசிசி அல்லது கிளாங் கம்பைலர், ஏற்கெனவே ஓரளவு எழுதி வைத்த சோதனைகள். இவ்வளவு போதும்.

லோரி பழத்தோடு மேடையில் ஏறும்போது ஓர் எடை, குலைகளைக் கொட்டிவிட்டுத் திரும்பும்போது இன்னோர் எடை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் சீட்டில் நிகர எடையாக அச்சாகிறது. சிறுதோட்டக்காரர் கைக்கு வரும் ரிங்கிட் அந்த எண்ணிலிருந்து கணக்காகிறது. எடைகாட்டி ஆர்எஸ்-232 என்ற தொடர்கம்பி வழியாக ஒவ்வோர் எடையையும் ஒரு வரி எழுத்தாக அனுப்பும். நிரல் அந்த வரியைப் பிரித்து, லோரி எண்ணோடு சேர்த்து, கோப்பில் எழுதிச் சீட்டை அச்சிடும். இதில் ஒவ்வொரு படியும் எழுத்து அணிகளும் (அரே), நினைவக முகவரிகளான பாயிண்டர்களும்தான். இங்கே நினைவகப் பிழை வந்து நிரல் முடங்கிப் போனால் அது நல்ல முடிவு, ஏனென்றால் உடனே தெரிந்துவிடும். முடங்காமல் தவறான எடையை அச்சிட்டுக்கொண்டே போவதுதான் கெட்ட முடிவு.

தேர்வைத் தீர்மானிக்கும் இரண்டு பிழைகள்

வேகம், விலை, வசதி என்று தொடங்கினால் இந்த ஒப்பீடு திசை மாறிவிடும். எந்தப் பிழையை எது பிடிக்கிறது என்பதிலிருந்து தொடங்குவோம். எடைமேடை நிரலில் வரக்கூடிய இரண்டு பிழைகளை எடுத்துக்கொண்டால் பாதி முடிவு கிடைத்துவிடும்.

முதலாவது. எடைகாட்டி அனுப்பும் வரி வழக்கமாக 18 எழுத்து என்று வைத்துக்கொள்வோம். அதை வாங்க ஃபங்ஷனுக்குள் 20 பைட் அளவில் ஓர் அணி இருக்கிறது. நீளமான கம்பியில் மின்னிரைச்சல் புகுந்து வரிமுடிவு எழுத்து தொலைந்தால் இரண்டு வரிகள் ஒட்டிக்கொண்டு 36 எழுத்தாக வரும். நீளம் பார்க்காமல் நகலெடுக்கும் நிரல் ஸ்டாக்கில் (ஃபங்ஷனின் மாறிகள் தங்கும் நினைவகப் பகுதி) அணிக்கு வெளியே எழுதும். பக்கத்தில் இருக்கும் மாறி முந்தைய எடையாக இருந்தால் அது சத்தமின்றி மாறிப்போகும்.

வால்கிரிண்டின் நினைவகச் சோதனைப் பகுதியான மெம்செக் இதைப் பெரும்பாலும் கண்டுகொள்ளாது. அது கம்பைல் ஆகி முடிந்த நிரலை ஓட்டிப் பார்க்கிற கருவி. ஸ்டாக்கில் ஓர் அணி எங்கே முடிந்து அடுத்த மாறி எங்கே தொடங்குகிறது என்பது அதற்குத் தெரியாது. அட்ரஸ் சானிடைசர், சுருக்கமாக ஏசான், கம்பைல் நேரத்திலேயே நுழைந்து ஒவ்வொரு ஸ்டாக் அணிக்கும் குளோபல் அணிக்கும் இரு பக்கமும் தடுப்புப் பட்டை வைக்கிறது. வரம்பு தாண்டிய முதல் பைட்டிலேயே நிரல் நிற்கும். எந்தக் கோப்பு, எந்த வரி, எந்த அணி, எத்தனை பைட் தாண்டியது என எல்லாம் அறிக்கையில் இருக்கும்.

இரண்டாவது. லோரி வெளியே போகும்போது அதன் முதல் எடைப் பதிவு கிடைக்கவில்லை. நடுவில் மின்சாரம் போயிருக்கலாம், எண்ணைத் தவறாகத் தட்டியிருக்கலாம். தேடும் ஃபங்ஷன் வெறுங்கையோடு திரும்புகிறது, முதல் எடைக்கான மாறியில் யாரும் எதையும் எழுதவில்லை, ஆனாலும் கழித்தல் நடக்கிறது. அந்த இடத்தில் முன்பு கிடந்த ஏதோ ஓர் எண் முதல் எடையாகிவிடும்.

இங்கே ஏசான் பேசாது. படித்த இடம் நிரலுக்குச் சொந்தமான இடம், வரம்பு எதுவும் மீறப்படவில்லை. மெம்செக் மட்டும் ஒவ்வொரு பிட்டுக்கும் மதிப்பு எழுதப்பட்டதா என்று கணக்கு வைத்திருக்கிறது. எழுதப்படாத மதிப்பை வைத்து நிரல் ஒரு முடிவெடுக்கும்போது, அல்லது அதை இயங்குதளத்திடம் கொடுக்கும்போது எச்சரிக்கும். நகலெடுப்பதற்கும் கூட்டிக் கழிப்பதற்கும் எச்சரிக்காது என்பதை நினைவில் வையுங்கள். அதனால் பிழை நடந்த இடம் ஒன்றாகவும், அறிக்கை காட்டும் இடம் அச்சிடும் ஃபங்ஷனின் ஆழத்திலும் இருக்கும். ‘ட்ராக்-ஆரிஜின்ஸ்’ விருப்பத்தை இயக்கினால் அந்த மதிப்பு எங்கே பிறந்தது என்றும் சொல்லும். வேகம் இன்னும் குறையும், ஆனால் அது இல்லாமல் அறிக்கையைப் படிப்பது வீண் உழைப்பு.

ஹீப்பில் (நிரல் ஓடும்போது கேட்டு வாங்கும் நினைவகம்) வரம்பு மீறுவது, விடுவித்த இடத்தை மறுபடி தொடுவது, ஒரே இடத்தை இருமுறை விடுவிப்பது ஆகியவற்றை இரண்டு கருவிகளுமே பிடிக்கும். விடுவித்த இடங்களை உடனே மறுபயன்பாட்டுக்குக் கொடுக்காமல் ஏசான் 256 எம்பி வரை பிடித்து வைக்கும், மெம்செக் இயல்பாக 20 எம்பி அளவுக்கு வைக்கும். அதற்கும் மேல் காலம் கடந்து தொட்டால் இரண்டிடமிருந்தும் பிழை தப்பக்கூடும்.

விலை

ஏசானை உருவாக்கிய கூகுள் குழு 2012ல் யூசெனிக்ஸ் மாநாட்டில் வெளியிட்ட ஆய்வில் சராசரி வேகக் குறைவு 73 சதவீதம் என்றது. நடைமுறையில் இரண்டு மடங்கு நேரம் என்று வைத்துக்கொண்டால் பெரிதாக ஏமாற மாட்டோம். மெம்செக்கின் கையேடே 20 முதல் 30 மடங்கு என்று சொல்கிறது. 4 நிமிடம் ஓடும் தொகுப்பு ஏசானில் 8 நிமிடம் ஆகும், மெம்செக்கில் 80 முதல் 120 நிமிடம் ஆகும். ஒவ்வொரு மாற்றத்தையும் சேர்ப்பதற்கு முன் 8 நிமிடம் காத்திருப்பார்கள். இரண்டு மணி நேரம் யாரும் காத்திருக்க மாட்டார்கள், ஒரு வாரத்தில் சோதனையைத் தாண்டிப் போக வழி கண்டுபிடித்துவிடுவார்கள். எங்கள் தீர்ப்புக்கு இதுதான் அடிப்படை.

மெம்செக்குக்கு மறு கம்பைல் தேவையில்லை என்பது உண்மையான நன்மை. மூலநிரல் இல்லாமல் கிடைத்த அச்சுப்பொறி லைப்ரரி, பழைய தொடர்கம்பி லைப்ரரி எல்லாவற்றுக்குள்ளும் அது பார்க்கும். ஏசான் தன்னோடு கம்பைல் ஆன நிரலை மட்டுமே முழுமையாகப் பார்க்கும். வெளி லைப்ரரி தானே நினைவகத்தில் நேரடியாக எழுதுவது அதற்குத் தெரியாது.

எங்கள் தீர்ப்பு

ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஏசானும், அதோடு சேர்த்து சி மொழி விதிகளில் வரையறுக்கப்படாத நடத்தையைப் பிடிக்கும் யூபிசானும் வாயிற்காவலாக இருக்கட்டும். மெம்செக் இரவில் ஓடட்டும், அதுவும் முழுத் தொகுப்புக்கு அல்ல. வரியைப் பிரிக்கும் பகுதி, பதிவைத் தேடும் பகுதி, நிகர எடை கணக்கிடும் பகுதி ஆகியவற்றின் சோதனைகளுக்கு மட்டும் போதும். ஒன்றைத்தான் பராமரிக்க முடியும் என்றால் ஏசானைத் தேர்ந்தெடுங்கள். அப்போது இரண்டாவது பிழைக்கு மலிவான அரைகுறைக் காப்பு ஒன்று உண்டு. கிளாங்கிலும் ஜிசிசி 12 முதலும் ‘எஃப்ட்ரிவியல்-ஆட்டோ-வார்-இனிட்’ என்ற விருப்பத்துக்கு ‘பேட்டர்ன்’ என்று கொடுத்தால், மதிப்பிடாத ஸ்டாக் மாறிகளில் வேண்டுமென்றே அபத்தமான எண் நிரப்பப்படும். நிகர எடை கோடிக்கணக்கில் வந்து சோதனை தோற்கும். மெம்செக் போல இடத்தைச் சுட்டிக்காட்டாது, ஆனால் பிழை ஒளிந்துகொள்ளாது.

மெமரி சானிடைசர், அதாவது எம்சான், இரண்டாவது பிழையை மெம்செக்கைவிடப் பல மடங்கு வேகமாகப் பிடிக்கும். ஆனாலும் சிறு குழுவுக்கு அதைப் பரிந்துரைக்க மாட்டோம். கிளாங்கில் மட்டும்தான் உண்டு. சி++ அடிப்படை லைப்ரரி முதல் தரவுத்தள லைப்ரரி வரை எல்லாவற்றையும் அதோடு மறு கம்பைல் செய்ய வேண்டும். ஒன்றை விட்டாலும் பொய் எச்சரிக்கைகள் குவியும். அந்த உழைப்பைச் சோதனைகள் எழுதுவதில் போடலாம். ஒரே நிரலில் இணையாக ஓடும் த்ரெட்களின் மோதல்களைப் பிடிக்கும் த்ரெட் சானிடைசர் வேறு விஷயம். அதை ஏசானோடு ஒரே பில்டில் சேர்க்க முடியாது, தனி பில்ட் வேண்டும்.

இரண்டு கருவிகளும் கோட்டைவிடும் ஓர் இடத்தைத் தனியாகச் சொல்லியாக வேண்டும். பல மாறிகளை ஒன்றாகக் கட்டிய ஒரு ஸ்ட்ரக்டுக்குள் லோரி எண்ணுக்கு 10 பைட், அடுத்து மொத்த எடை என்று இருந்தால், எண்ணை எழுதும்போது 10 தாண்டினால் அது எடையின் மேல் விழும். ஸ்ட்ரக்ட் முழுவதும் ஒரே துண்டு நினைவகம் என்பதால் ஏசானும் மெம்செக்கும் அதை மீறலாகப் பார்ப்பதில்லை. சாதாரண மலேசிய எண் 10க்குள் அடங்கும். ‘புத்ராஜெயா’ என்று முழுச் சொல்லோடு வரும் சிறப்பு எண்பலகை ரோமன் எழுத்தில் இடைவெளியும் நான்கு இலக்கமும் சேர்த்தால் 14 எழுத்து, முடிவுக் குறியோடு 15 பைட். இதை யூபிசானின் ‘பவுண்ட்ஸ்’ சோதனை, அணியைக் குறியீட்டு எண்ணால் தொடும்போது பிடிக்கும். எழுத்து நகல் ஃபங்ஷன்கள் வழியாக நடந்தால் ‘ஃபோர்ட்டிஃபை சோர்ஸ்’ என்ற கம்பைல் விருப்பத்தின் 2ம் நிலை பிடிக்கும். ஆனால் ஃபோர்ட்டிஃபையை ஏசான் பில்டில் அணைத்துவைப்பதே நல்லது, இரண்டும் ஒரே நகல் ஃபங்ஷன்களை மாற்றியமைப்பதால் ஏசானின் சில சோதனைகள் நடக்காமல் போகும். ஆகவே ஃபோர்ட்டிஃபை போட்ட சாதாரண பில்டையும் அதே சோதனைகளோடு ஓட்டுங்கள். மலிவான வேலை, பலன் பெரிது.

அமைப்பது

ஏசானுக்குத் தனி பில்ட் அடைவு வையுங்கள். சாதாரண பில்டோடு கலந்தால் பாதி கோப்புகள் சானிடைசரோடும் பாதி இல்லாமலும் இணைந்து குழப்பும். கம்பைலருக்கு ‘எஃப்சானிடைஸ்’ விருப்பத்தில் ‘அட்ரஸ், அன்டிஃபைன்ட்’ இரண்டையும் கொடுங்கள், லிங்கருக்கும் அதையே கொடுங்கள். லிங்கரில் விட்டுவிட்டால் அறியாத பெயர்கள் என்று நூறு பிழை வரும். ‘ஜி’, ‘ஓ1’, ‘எஃப்நோ-ஒமிட்-ஃப்ரேம்-பாயிண்டர்’ மூன்றும் அறிக்கை படிக்கும்படி இருக்கத் தேவை. யூபிசான் தானாக எச்சரித்துவிட்டு மேலே ஓடிவிடும், சோதனை தேறியதாகவே காட்டும். ‘எஃப்நோ-சானிடைஸ்-ரெக்கவர்’ விருப்பத்துக்கு ‘ஆல்’ என்று கொடுத்தால்தான் அங்கேயே நிற்கும். முழு ஸ்டாடிக் லிங்க்கோடு ஏசான் வேலை செய்யாது.

ஓட்டும்போது ‘ஏசான் ஆப்ஷன்ஸ்’ சூழல் மாறியில் ‘டிடெக்ட் ஸ்டாக் யூஸ் ஆஃப்டர் ரிட்டர்ன்’, ‘ஸ்ட்ரிக்ட் ஸ்ட்ரிங் செக்ஸ்’ இரண்டையும் 1 ஆக்குங்கள். கிளாங் பயன்படுத்தினால் ‘எல்எல்விஎம் சிம்பலைசர்’ நிரல் பாதையில் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் வரி எண்ணுக்குப் பதில் வெறும் முகவரிகள்தான் அறிக்கையில் இருக்கும்.

மெம்செக்குக்கு மிக முக்கியமான ஒரே விருப்பம் ‘எரர்-எக்ஸிட்கோட்’. அதன் இயல்பு மதிப்பு 0. அதாவது ஆயிரம் பிழை கண்டாலும் சோதனை நிரல் என்ன வெளியேறு எண் கொடுத்ததோ அதையே மெம்செக் திருப்பிக் கொடுக்கும், தொகுப்பு பச்சையாகவே இருக்கும். அதை 99 போன்ற தனித்த எண்ணாக வையுங்கள், அப்போது தோல்வி சோதனையினுடையதா மெம்செக்கினுடையதா என்று பார்த்தவுடன் தெரியும். ‘லீக்-செக்’ முழுமையாகவும், பிழையாகக் கருதும் கசிவு (வாங்கிய நினைவகத்தை விடுவிக்காமல் விடுவது) வகை ‘டெஃபினிட்’ மட்டுமாகவும் இருக்கட்டும். சிமேக்கின் சோதனை ஓட்டியான சிடெஸ்ட் பயன்படுத்தினால் அதன் மெம்செக் கட்டத்தில் இந்த விருப்பங்களைக் கொடுக்கலாம், மீசான் என்ற பில்ட் கருவியில் ‘ராப்’ வழியாகக் கொடுக்கலாம். ஏசான் பில்டை வால்கிரிண்டுக்குள் ஓட்ட முயலாதீர்கள், இரண்டும் ஒரே வேலைக்காக நினைவகத்தைப் பிடித்து மோதும்.

எங்கே உடைகிறது

நேரத்தைச் சார்ந்த சோதனைகள்தான் முதலில் உடையும். எடைகாட்டியிடமிருந்து 500 மில்லிவினாடிக்குள் வரி வர வேண்டும் என்று எழுதிய சோதனை மெம்செக்கில் தோற்கும். நிரலில் குற்றமில்லை, 20 மடங்கு மெதுவாக ஓடுகிறது, அவ்வளவுதான். காத்திருப்பு நேரங்களை ஒரே இடத்தில் வைத்து, சூழல் மாறி ஒன்றால் பெருக்கும்படி எழுதுங்கள். தொடர்கம்பியைப் படிக்கும் த்ரெட் தனியாக இருந்தால் இன்னொன்றும் நடக்கும். வால்கிரிண்ட் ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டுமே ஓட்டுவதால் சுற்றிக்கொண்டே இருக்கும் த்ரெட் மற்றதைப் பட்டினி போடலாம். ‘ஃபேர்-ஷெட்’ விருப்பம் அதைச் சரிசெய்யும்.

எடைமேடை நிரல் நிற்காமல் ஓடும் வகை. சோதனை முடிவில் அதைப் பலவந்தமாகக் கொன்றால் கசிவுச் சோதனை நடக்கவே நடக்காது, ஏனென்றால் அது நிரல் ஒழுங்காக வெளியேறும்போது நடப்பது. நிரலை மூடச் சொல்லும் சிக்டெர்ம் சமிக்ஞை வந்தால் முறையாக மூடிக்கொள்ளும் பாதையை நிரலிலேயே எழுதுங்கள். ஆலையில் மின்தடையின்போது காப்பு மின்கலத்தில் ஓடும் கணினியை ஒழுங்காக மூடவும் அதே பாதை உதவும். நிரல் துணைச் செயலிகளை (புராசஸ்) தொடங்குமானால் அவற்றில் கண்ட பிழை தாய்ச் செயலியின் வெளியேறு எண்ணில் தெரியாது. ஏசானுக்கு ‘லாக் பாத்’ கொடுத்து, ஓட்டம் முடிந்தபின் அந்தப் பெயரில் தொடங்கும் கோப்பு ஏதும் உருவாகியிருந்தால் தோல்வி என்று கொள்ளுங்கள். வால்கிரிண்டுக்கு ‘ட்ரேஸ்-சில்ட்ரன்’ தேவை.

சோதனைகளைப் பைத்தானில் எழுதி சி லைப்ரரியை அதிலிருந்து அழைப்பவர்கள், ஏசான் ரன்டைம் முதலில் ஏற்றப்படவில்லை என்ற செய்தியைச் சந்திப்பார்கள். ‘எல்டி பிரீலோட்’ வழியாக லிப்ஏசானை முன்னதாக ஏற்றினால் தீரும். பைத்தான் தன் சொந்த ஒதுக்கீட்டு முறையால் கருவிகளின் கண்ணை மறைப்பதால், ‘பைத்தான்மாலோக்’ மாறிக்கு ‘மாலோக்’ என்று கொடுங்கள். பைத்தானே விட்டுவைக்கும் கசிவுகள் அறிக்கையை நிரப்பும் என்பதால் அந்த ஓட்டத்தில் கசிவுச் சோதனையை அணைத்துவிடலாம். உங்கள் நிரலே பெரிய துண்டு நினைவகத்தை வாங்கித் தானே பங்கிட்டால் அதற்குள் நடக்கும் மீறலும் இரு கருவிகளுக்கும் தெரியாது. சோதனை பில்டில் மட்டும் அந்தப் பங்கீட்டை விட்டுவிட்டு நினைவகம் வாங்கும் வழக்கமான ஃபங்ஷனான மாலோக்கை நேரடியாக அழைப்பது எளிய வழி.

டாக்கர் கன்டெய்னருக்குள் கசிவுச் சோதனை ‘பிட்ரேஸ்’ (இன்னொரு செயலியைக் கண்காணிக்கும்) அனுமதி இல்லாததால் விழலாம், அந்த அனுமதியைக் கொடுங்கள். உபுண்டு 24.04 போன்ற, முகவரிச் சிதறலை (நிரலின் நினைவக இடங்களை ஒவ்வோர் ஓட்டத்திலும் மாற்றிவைக்கும் பாதுகாப்பு) 32 பிட்டாக உயர்த்திய கர்னல்களில் பழைய கிளாங்கின் சானிடைசர்கள் தொடங்கும்போதே சில ஓட்டங்களில் மட்டும் விழும். உங்கள் நிரலில் தேடி நாளை வீணாக்காதீர்கள், ‘விஎம் எம்மேப் ரேண்ட் பிட்ஸ்’ மதிப்பை 28க்குக் குறைத்தால் நின்றுவிடும். மெம்செக்கில் ‘அறியாத கட்டளை’ என்று நிரல் நின்றால், அந்தக் கணினியின் சிபியூவுக்கெனச் சிறப்பாகக் கம்பைல் செய்யும் ‘மார்ச் நேட்டிவ்’ விருப்பத்தை நீக்குங்கள்.

ஆலை அலுவலகக் கணினி விண்டோசாக இருந்தால் வால்கிரிண்ட் அங்கே ஓடாது. விஷுவல் ஸ்டூடியோ 2019ன் 16.9 பதிப்பு முதல் ஏசான் உண்டு, ஆனால் கசிவுச் சோதனை இல்லை. திரையையும் அச்சையும் தனியாகப் பிரித்து, எடைக் கணக்கின் கருவை லினக்சிலும் கம்பைல் ஆகும்படி வைத்திருந்தால் முழுச் சோதனையையும் லினக்சில் செய்யலாம். விண்டோசுக்குள் லினக்சை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் 2 கூடப் போதும்.

எந்த வரிசையில்

முதல் ஓட்டத்தில் குவியும் அறிக்கைகளைப் பார்த்துப் பலர் கைவிடுகிறார்கள். கசிவுச் சோதனையை முதலில் அணைத்து வையுங்கள். வரம்பு மீறலும் விடுவித்த பின் தொடுவதும் மட்டும் தெரியட்டும், அவை எடையை மாற்றக்கூடியவை. அவை சுத்தமானதும் ஏசானை வாயிற்காவலாக்குங்கள். பிறகு கசிவு, பிறகு இரவு மெம்செக். மெம்செக்கில் வெளி லைப்ரரியின் பிழைகளுக்கு ‘ஜென்-சப்ரஷன்ஸ்’ மூலம் விலக்குக் கோப்பு தயாரிக்கலாம். ஒவ்வொரு விலக்குக்கும் மேலே எந்த லைப்ரரி, எந்தப் பதிப்பு, ஏன் என்று ஒரு வரி குறிப்பு கட்டாயம். உங்கள் சொந்த ஃபங்ஷனின் பெயர் அந்தக் கோப்பில் வரவே கூடாது.

கசிவுச் சோதனை சுத்தமாக இருந்தும் நிரல் வாரக்கணக்கில் வீங்கலாம். முடிந்த லோரிகளின் பதிவுகளைப் பட்டியலிலிருந்து நீக்காமல் வைத்திருந்தால், பாயிண்டர் இன்னும் கையில் இருப்பதால் எந்தக் கருவிக்கும் அது கசிவில்லை. இதற்குச் சாதாரண பில்டில் 10,000 லோரிகளை உள்ளே விட்டு வெளியே அனுப்பும் ஒரு சோதனை எழுதி, 1,000வது லோரியிலும் கடைசியிலும் செயலி பிடித்திருக்கும் ரேமை ஒப்பிடுங்கள். ஏசான் பில்டில் இதைச் செய்யாதீர்கள், விடுவித்த இடங்களை அது பிடித்து வைப்பதால் எண் எப்போதும் ஏறிக்கொண்டே காட்டும்.

எந்தக் கருவியும் ஓடிய வரிகளை மட்டுமே பார்க்கும். நல்ல வரி ஒன்றையே திரும்பத் திரும்பக் கொடுக்கும் சோதனையோடு ஏசானை இணைத்தால் எதுவும் கிடைக்காது. ஆலையில் எடைகாட்டி அனுப்பும் வரிகளைச் சில நாள் அப்படியே கோப்பில் பதிவு செய்து வாங்குங்கள். அவற்றோடு வரிமுடிவு தொலைந்த வரி, நடுவில் அறுந்த வரி, அளவு மீறிய எடைக்கு எண்ணுக்குப் பதில் குறி வரும் வரி, வெற்று வரி ஆகியவற்றைக் கையால் சேருங்கள். கிளாங்கின் லிப்ஃபஸர் இந்தக் கோப்புகளை விதையாக எடுத்துக்கொண்டு ஏசானோடு சேர்ந்து புதிய கெட்ட வரிகளைத் தானே உண்டாக்கிப் பார்க்கும். இதற்கு வேண்டியது, பைட்டுகளையும் நீளத்தையும் வாங்கி வரியைப் பிரிக்கும் ஃபங்ஷனுக்குக் கொடுக்கும் ஒரு சின்ன நுழைவு ஃபங்ஷன் மட்டுமே. இரவில் மெம்செக் முடிந்த பிறகு அதை ஒரு மணி நேரம் ஓடவிடுங்கள். அது எழுதிவைக்கும் ‘க்ராஷ்’ கோப்பு ஒவ்வொன்றையும் பிழையைத் திருத்தும் முன்பே நிரந்தரச் சோதனையாகச் சேர்த்துவிடுங்கள், மறுநாள் காலை முதல் ஏசான் வாயிலில் அதுவும் ஓடும்.